கருந்துளைக்கு மட்டும் கட்அவுட் வைக்கிறவங்களுக்கு...

நேத்து ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல பால்வீதியோட மையம் பத்திப் பேச்சு வந்துச்சு. டீம்ல ஒருத்தர், "அங்க என்னங்க இருக்கு? ஒரு பெரிய கருந்துளை, எல்லாத்தையும் முழுங்கிட்டு உக்காந்திருக்கு" அப்படின்னார். எதிர்ல இருந்தவர், "இல்லீங்க, அங்க இருக்கிறதெல்லாம் புதுசா பொறந்த நட்சத்திரம், படமே பார்த்தேன்" அப்படின்னார். ரசம் சாதம் ஆறுற வரைக்கும் ரெண்டு பேர்கிட்டயும் சண்டை போட்டேன். ஆத்திரம் அடங்கல, அதான் இந்தப் பதிவு :-)

முதல்ல கருந்துளைக் கட்சி. அதோட பெருமையை நான் மறுக்கல. அதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2020ல கென்செலும் கெஸ்ஸும் நோபல் வாங்கினாங்க, 2022 மே மாசம் அதோட படமும் வந்துச்சு. ஆனா கணக்கைப் பாருங்க. அதோட நிறை சுமார் 40 லட்சம் சூரியன். அதைச் சுத்திச் சில நூறு ஒளியாண்டு தூரத்துக்குப் பரவியிருக்கிற நட்சத்திரத் தட்டோட நிறை சுமார் 100 கோடி சூரியன். அரை சதவீதம் கூட தேறாத ஆளுக்குக் கட்அவுட், மிச்சப் பேருக்குப் பேரே இல்லை. என்ன நியாயம்ங்க இது?

அடுத்து "படம் பார்த்தேன்" கட்சி. இவங்கதான் ஆபத்தானவங்க. அங்க இளசுங்க இருக்கிறது நிஜம், ஆனா அதுங்க சிறுபான்மை. பெரிய நட்சத்திரம் ஒண்ணு பல்லாயிரம் சூரியனுக்குச் சமமா எரியும், சில பத்து லட்சம் வருஷத்துல செத்தும் போகும். கிழடுங்க மங்கலா இருக்கும், ஆனா எண்ணிக்கையில அதுங்கதான் அதிகம். படத்துல யார் பளிச்சுன்னு தெரிவா? வெளிச்சத்தை வச்சு வரலாறு எழுதினா, கல்யாண வீட்ல மைக் பிடிச்சவனை மாப்பிள்ளைன்னு எழுதின மாதிரிதான் ஆகும்.

அப்போ ஒவ்வொண்ணா எண்ணணும். அதுலதான் சிக்கலே. நடுவுல இருக்கிற தூசியால, அங்கிருந்து கிளம்புற சாதாரண ஒளியில லட்சம் கோடியில ஒரு பங்குதான் நம்மகிட்ட வந்து சேருது. அகச்சிவப்புல பார்த்தா தூசியைத் தாண்டிடலாம், ஆனா நெரிசலைத் தாண்ட முடியாது. ரெண்டு நட்சத்திரம் ஒட்டி ஒரே புள்ளியாத் தெரியும், மங்கலானது பக்கத்து வெளிச்சத்துல முங்கிப் போகும். இதுக்கு ஆய்வாளர்கள் ஒரு வேலை பண்றாங்க. நிஜப் படத்துக்குள்ள பொய் நட்சத்திரங்களைச் செருகி, அதே மென்பொருளை ஓட்டி, எத்தனை திரும்பக் கிடைக்குதுன்னு பார்க்கிறாங்க. நூறு போட்டு அறுபதுதான் கிடைச்சா, அந்தப் பிரகாசத்துல நாற்பதைத் தவற விடுறோம்னு அர்த்தம். நாம டெஸ்டிங்ல வேணும்னே பக் போட்டுப் பார்க்கிறோமே, அதே கதைதான்.

இப்படி எண்ணினதுல என்ன கிடைச்சது? 2004ல ஃபைகர் குழு ஹப்பிள் படங்களை வச்சு, அங்க நட்சத்திரப் பிறப்பு தொடர்ச்சியா நடந்திருக்குன்னு சொன்னாங்க. 2019 டிசம்பர்ல நோகெராஸ்-லாரா குழு சிலியில இருக்கிற விஎல்டி தொலைநோக்கியை வச்சு, அந்தத் தட்டுல 30 லட்சத்துக்கும் மேல நட்சத்திரங்களை எடுத்துப் பார்த்தாங்க. 80 சதவீதத்துக்கும் மேல 800 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பொறந்தாச்சு, அப்புறம் சுமார் 600 கோடி வருஷம் கிட்டத்தட்ட அமைதி, சுமார் 100 கோடி வருஷத்துக்கு முன்னாடி திடீர்னு ஒரு பிறப்பு வெடிப்பு. அதே மையம், ரெண்டு வரலாறு!

இதோட முடியல. தட்டுக்கு உள்ளே, கருந்துளையை ஒட்டி இன்னும் நெரிசலான ஒரு கொத்து இருக்கு. அங்க 2023ல சென் குழு நட்சத்திரங்களோட உலோக அளவையும் கணக்குல சேர்த்தாங்க. எல்லாம் சூரியன் மாதிரின்னு வச்சுக்கிட்டா வயசு கூடுதலா வருது, அளந்த உலோகத்தைப் போட்டா பெரும்பாலானதுங்க வயசு சுமார் 500 கோடிக்கு இறங்கிடுது. ஒரு அனுமானத்தை மாத்தினதும் பல நூறு கோடி வருஷம் காலி.

அதனால அறிவியல் எழுதற சக பதிவர்களுக்கு என் வேண்டுகோள் (சரி, சண்டைதான்): "மையத்தோட வயசு இத்தனை கோடி"ன்னு ஒத்தை வரியில எழுதாதீங்க. எத்தனை எண்ணினாங்க, எத்தனை தவறியிருக்கும், உலோகத்தை என்னன்னு வச்சுக்கிட்டாங்க, இந்த மூணையும் சேர்த்து எழுதுங்க. போரடிக்கும்னு சொல்றீங்களா? அந்த மூணும் இல்லாத எண் வெறும் வதந்தி.

பி.கு: போன வருஷம் "800 கோடி வருஷக் கிழவர் மன்றம்"னு ஒத்தை வரியில பதிவு போட்ட மகான் அடியேன்தான். அதைத் திருத்திட்டுத்தான் இதை எழுதறேன். இனி பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம்.