சந்தா என்ற பெயரில்...

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற வகையில் சந்தா என்ற சொல்லின்மேல் எனக்கு மரியாதை உண்டு. வாசகர் சந்தாவை நிறுத்தினால் பத்திரிகை வருவது நிற்கும், அவ்வளவுதான். வந்த இதழ்கள் அவருக்கே சொந்தம்.

பக்க வடிவமைப்பு, புகைப்பட மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவுக்கு மட்டுமே தருவதென அடோபி நிறுவனம் 2013இல் அறிவித்தது. சந்தாவை நிறுத்தியவர், தாமே வடிவமைத்த பக்கத்தை அந்த மென்பொருளில் மீண்டும் திறக்கமுடியாது. இதையாவது வியாபாரம் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், ஓராண்டுத் திட்டத்தில் மாதந்தோறும் பணம் கட்டுபவர் முதலாண்டில் இடைநடுவே விலகினால், எஞ்சிய மாதங்களுக்குரிய தொகையில் பாதியைச் செலுத்தவேண்டுமாம்! இந்நிபந்தனையைக் கண்ணிற்படாதவாறு மறைத்ததாகவும், விலகும் வழியைச் சிக்கலாக்கியதாகவும் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

ஆண்டு முழுவதற்கும் உடன்பட்டதனாலன்றோ மாதக் கட்டணத்தைக் குறைத்தோம் என்று வாதிடுவார்கள். நியாயமே. அப்படியாயின், மாதக் கட்டணத்தை எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவு எழுத்தில், அதன் அருகிலேயே, விலகுவதற்கான தண்டத்தையும் போடுங்கள். சேர்வதற்கு இரண்டு சொடுக்குகள் போதுமென்றால் விலகுவதற்கும் இரண்டே வையுங்கள். இதற்கு ஏன் நீதிமன்றம் வரை போகவேண்டும்?