ஏறும் வழியும் சூழும் வழியும்

மதுரைமாநகரின் உயர்ந்த மாடமொன்றில் நின்று நோக்குவார்க்குக் குன்றுகள் பல தோன்றும். வடகிழக்கே யானைமலை, படுத்த களிறெனக் கிடக்கும். மேற்கே நாகமலை நீண்டு நெளியும். தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும் நிற்கும். பகைவர் ஏவிய யானையும் நாகமும் பசுவும் இவ்வாறு மலைகளாயின எனத் திருவிளையாடற் புராணம் கதை கூறும். அக்கதையை நம்புவோமாயினும் நம்பாதொழிவோமாயினும், முன்னோர் தம் ஊரைச் சூழ்ந்த கற்களை உயிருடையனவாகக் கருதிப் பெயரிட்டனர் என்பது தெளிவு. நமக்கோ அவை பேருந்தின் பலகணி வழியே தோன்றி மறையும் காட்சியளவாய் நின்றொழிந்தன. மலையைக் காண்டல் வேறு, மலைமேல் நடத்தல் வேறு என்பதும், நடப்பாரற்ற மலை நெடிது நில்லாது என்பதும், ஆதலின் மாணாக்கராகிய நாம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு மலையை ஏறியும் சூழ்ந்தும் வருதல் கடன் என்பதும் ஈண்டு யான் கூறப் புகுந்தவை.

இதற்கு எடுத்துக்காட்டாக நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலையைக் கொள்வேன். அடிவாரத்தில் ஐயனார் கோயிலும், தாமரை பூத்த குளமும், நிழல் பரப்பிய ஆலமரங்களும் வழிப்போக்கரை வரவேற்கும். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் மேலேறும். சிறிது உயரம் சென்றதும் பேச்சிப்பள்ளம் என்னும் இடம். அங்கே பாறை முகத்தில் எட்டுத் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர்; கால்களிற் கொடி படர நிற்பவர் பாகுபலி. அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இஃது எனத் தெரிவிக்கின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக ஒரு தாயின் பெயர் வெயிலும் மழையும் தாங்கி அக்கல்லில் நிற்கின்றது.

இன்னும் மேலே ஏறினால் ஒரு பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருத்தலைக் காணலாம். உச்சியில் ஒரு விளக்குத்தூணும், அதனருகே கன்னட எழுத்திற் பொறித்த கல்வெட்டொன்றும் உண்டு. கன்னட நாட்டுத் துறவியர்க்கும் இம்மலைக்கும் தொடர்பிருந்தமைக்கு அது சான்று. அவ்விடத்து நின்று கிழக்கே நோக்கின் மதுரை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். வீடுகளின் நெருக்கத்தினிடையே கோபுரங்களின் முடிகள் எழும். அவற்றுக்கப்பால் யானைமலை தோன்றும். நகரினுள் நடக்கும்போது நம்மை நெருக்கும் ஓசையும் புழுதியும் அங்கே எட்டா. காற்றின் ஒலியே கேட்கும்.

ஏறுவோர் பெரும்பாலார் இவ்வளவோடு நிறைவுற்று வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். இதனையே யான் குறையென்கின்றேன். மலையினின்று இறங்கி, அடிவாரத்தைச் சூழ்ந்து தென்மேற்குப் புறம் சென்றால் செட்டிப்புடவு என்னும் குகை உளது. அதன் முகப்பில் பெரியதொரு தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்துள்ளது. குகையின் உட்புறம் மேற்பகுதியில், சிங்கத்தின்மீது அமர்ந்து யானைமேல் வருவானொடு பொருகின்ற இயக்கியின் உருவம் செதுக்கப்பெற்றுள்ளது. இங்குள்ள கல்வெட்டுகளில் குணசேனதேவர் என்னும் ஆசிரியர் பெயரும், அவர் மாணாக்கர் பெயர்களும் வருகின்றன. நண்பர்களே! நாம் நாள்தோறும் நம்மைக் குறிக்க வழங்கும் மாணாக்கர் என்னும் சொல், ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே அம்மலையில் பொறிக்கப்பெற்றுள்ளது. அவ்விடம் ஒரு கல்லூரியாக விளங்கிற்று என்றால் மிகையாகாது. முன்வழியே ஏறி முன்வழியே இறங்குவோன் இதனைக் காணாதே போகின்றான்.

சூழ்ந்து வருதலால் ஆம் பயன் இஃதொன்றன்று. உச்சியினின்று நகரை மட்டும் நோக்குவோன், மலை நகருக்கு அமைந்த ஒரு மேடை எனவே எண்ணுவான். மலையைச் சூழ்ந்து வருவோனோ அதன் மற்றைப் பக்கத்தையும் காண்பான்: பாறையில் விழும் மழைநீர் எவ்வழி வழிந்து எக்கண்மாயை நிரப்புகின்றது, ஆடு மேய்ப்பார் எவ்விடத்து இளைப்பாறுகின்றனர், எப்பாறையில் உளியின் தழும்பும் வெடியின் தழும்பும் உள என்பன அவன் கண்ணிற்படும். நகரின் வீடுகட்கும் சாலைகட்கும் வேண்டிய கல் வானினின்று விழுவதன்று. ஏதோ ஒரு குன்றின் பின்புறத்தினின்று வருவது. முன்புறத்து அழகை மட்டும் கண்டு திரும்புவோர் பின்புறம் கரைவதை எங்ஙனம் அறிவர்?

தமிழ் கற்பார்க்கு இது புதிய கருத்துமன்று. வழி கூறுதலையே தொழிலாகக் கொண்ட ஒரு நூல்வகை நம் மொழியில் உண்டு. பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் 583 அடிகளாலாகிய மலைபடுகடாம், கூத்தர் கூட்டத்தை நன்னன் என்னும் தலைவன்பால் ஆற்றுப்படுத்துவது. மலைவழி எத்தகையது, இடர் எங்குளது, உணவு எங்குக் கிடைக்கும், எவ்வூரார் எதிர்கொள்வர் என்பவற்றையெல்லாம் அது விரித்துரைக்கின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டோ தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அடுக்கிச் செல்கின்றது. இவற்றை வகுப்பறையில் உரையொடு கற்றுத் தேர்வெழுதுகின்றோம். ஆயின் அப்பூக்களுள் பத்தினையேனும் கண்டறிந்தார் நம்முள் எத்துணையர்? நடந்தறிந்த புலவர் யாத்த நூலை நடவாதார் கற்பது, நீந்தாதான் நீச்சல் இலக்கணம் மனப்பாடஞ் செய்தலை ஒக்கும்.

இனி, இம்மலைகட்கு நேரும் இடரைக் கூறுவேன். 2010-ஆம் ஆண்டு யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டமொன்று எழுந்தது. நரசிங்கம், ஒத்தக்கடை முதலிய ஊர்களின் மக்கள் ஒருங்கு திரண்டு எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டது. 2012-ஆம் ஆண்டு மேலூர்ப் பகுதியில் முறைகேடாகக் கிரானைட் கற்கள் வெட்டப்பட்ட செய்தி நாடெங்கும் பரவிற்று. பழைய தமிழ்க் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உடைய அரிட்டாபட்டி, 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வறிவிப்பு வெளிவந்த ஈராண்டில், 2024 நவம்பரில், அவ்வூரை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்டது. ஊரார் மதுரை நோக்கித் திரளாக நடந்தனர். 2025 சனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. இவ்விரு மலைகளையும் காத்தவர் யாவர்? தொலைவினின்று கண்டு வியந்தாரல்லர். அம்மலைமேல் நாள்தோறும் நடந்தவர்களே. ஒவ்வொரு பாறைக்கும் சுனைக்கும் பெயர் அறிந்தவர்க்கே அவற்றின் இழப்பு இழப்பாகத் தோன்றும்.

சட்டம் காவாதோ எனச் சிலர் வினவலாம். காக்கும், ஆயின் ஓர் எல்லையளவே காக்கும். 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010-ஆம் ஆண்டு வந்த திருத்தமும் பாதுகாக்கப்பெற்ற தொல்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி எனவும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி எனவும் வகுக்கின்றன. சிலை பிழைக்கும். சிலையை அடையும் ஒற்றையடிப் பாதையும், அப்பாதை சூழ்ந்துவரும் மலையின் மறுபுறமும் அவ்வளவைக்கு வெளியே நின்றால் யாது செய்வது? ஆங்கில நாட்டின் வழக்கமொன்று ஈண்டுக் கருதத்தக்கது. அங்கே ஒரு வழியை மக்கள் 20 ஆண்டுக்காலம் தடையின்றித் தமக்குரியதாகக் கொண்டு நடந்து வருவாராயின், அது பொதுவழியென 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் பொதுவாகக் கொள்ளும். 1932-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொழிலாளர் பலர் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தனர். அவருட் சிலர் சிறை சென்றனர். அந்நடையும் அதுபோன்ற பிறவும் நாட்டின் எண்ணத்தை அசைத்தன. 1949-ஆம் ஆண்டு தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவழிகட்கும் தனிச்சட்டம் பிறந்தது. காலடி பட்ட நிலத்துக்குக் காலடியே உரிமைப் பத்திரமாயிற்று. நம் நாட்டிலும் நடப்பார் உளராயின் வழி மறைவது அரிது.

இதற்கு மாறாக ஒரு தடை எழுப்புவாரும் உளர். மக்கள் மிகுதியாக ஏறுவதாலன்றோ மலை கெடுகின்றது? பாறைகளிற் பெயர் கீறுவோரும், புட்டிகளை உடைத்தெறிவோரும், நெகிழிப் பைகளை விட்டுச் செல்வோரும் ஏறுவோரே அல்லரோ? ஆதலின் மலையைப் பூட்டிவிடுதலே நன்று என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தொன்மையான வட்டெழுத்துக்கு மிக அருகே, காதலர் இருவர் பெயர் சுண்ணத்தால் எழுதப்பட்டிருத்தலை யானே கண்டேன். எழுதியவர் எழுத்தறிந்தவர் என்பதே இதன்கண் நாணத்தக்க செய்தி. ஆயினும் பூட்டுதல் மருந்தாகாது. பூட்டிய மலையில் நல்லோர் ஏறார், தீயோர் ஏறாதிரார். காண்பார் கண்கள் பலவாய் இருக்குமிடத்தே களவும் கேடும் அஞ்சி நடக்கும். வேண்டுவது கதவன்று, பயிற்சி. கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டு வருதல், செதுக்குருவங்களைத் தொடாதிருத்தல், படியையும் பாதையையும் விட்டு விலகாதிருத்தல், ஊரார் வழிபாட்டுக்கு இடையூறு செய்யாதிருத்தல் என்னும் இந்நான்கும் போதும்.

மற்றொரு கேள்வியும் உண்டு. சமணர் செதுக்கிய மலை. ஐயனாரை வணங்கும் ஊரார் காக்கும் மலை. கிறிஸ்தவனாகிய நினக்கு அங்கென்ன உரிமை எனக் கேட்பாருக்கு என் விடை இதுவே. குணமதியார் என் மொழியில் எழுதுவித்தார். அவ்வூரார் என் மொழியில் எனக்கு வழி காட்டினர். சமயத்தால் யான் அவருக்கு வேறாயினும், மொழியாலும் நிலத்தாலும் அவர் விட்டுச் சென்றதற்கு உரியேன். உரியேன் எனின், காத்தற்குக் கடமைப்பட்டவனும் ஆவேன். உரிமையை மட்டும் கேட்டுக் கடமையை மறுத்தல் நேர்மையன்று.

ஆதலின் நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். கோடை தொடங்குமுன், தை மாதத்து நாளொன்றை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். தமிழ் மாணவர் மட்டும் செல்லின் பாதிப்பயனே விளையும். செடி கொடிகளைப் பெயர் சொல்ல உயிர்நூல் மாணவரும், கல்லின் இயல்பு கூற நிலநூல் அறிந்தாரும், காலம் கணிக்க வரலாற்று மாணவரும் உடன் வரவேண்டும். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் உச்சியைக் கண்டு, இறங்கிச் சூழ்ந்து, செட்டிப்புடவின் நிழலில் உண்டு மீளலாம். செலவு பேருந்துக் கூலியும் கட்டுச்சோறுமே. ஒவ்வோராண்டும் பாதையின் நிலையையும், கல்வெட்டுகளின் நிலையையும், புதிதாக வெட்டுண்ட இடங்களையும் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். பத்தாண்டில் அவ்வேடு அரசினர்க்கும் அறங்கூறு மன்றத்துக்கும் காட்டத்தக்க சான்றாகும்; நமக்குப் பின் வருவார்க்கோ அது ஓர் ஆற்றுப்படை ஆகும்.

தேர்வு நெருங்குகின்றதே, நடக்கக் காலமேது எனின், மலைக்குத் தேர்வில்லை. ஆயின் அதற்கும் காலம் நெருங்குகின்றது. ஒரு நாளைத் தருவோமாயின் பின்வருவார் ஒரு மலையைப் பெறுவர்.