சாம்பலுக்குப் பாடம் இல்லையா?

மின்சாரம் எவ்வாறு பிறக்கிறது என்று நம் மாணவனைக் கேளுங்கள், மடமடவென ஒப்புவிப்பான். நிலக்கரி எரிகிறது, நீர் ஆவியாகிறது, ஆவி சுழலியைச் சுழற்றுகிறது, விளக்கு ஒளிர்கிறது! நன்று. எரிந்த கரி என்னாயிற்று? அங்கே வாயடைத்து நிற்கிறான். குற்றம் அவனுடையதன்று. ஏடு அவ்விடத்தில் நின்றுவிடுகிறது, ஆசிரியரும் நின்றுவிடுகிறார், மணியும் அடித்துவிடுகிறது!

ஏடு சொல்லாததை நாம் சொல்லுவோம். இந்நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். ஆயிரம் டன் எரித்தால் முந்நூறு டன்னுக்கு மேல் மிஞ்சும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆர்செனிக், ஈயம், பாதரசம், குரோமியம் அத்தனையும் அந்தச் சாம்பலில் உண்டு. அதை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். வட சென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகின. ஒழுகிய குழம்பு கொசத்தலையாற்றில் படிந்தது, ஆறு தூர்ந்தது. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தோர், இறாலைத் தேடிச் சாம்பலைத் தடவினர். குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்று வீசினால் சாம்பல் பறக்கும். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இம்மாசுக்கு மின் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது.

“பிஞ்சு உள்ளங்களில் அரசியலைப் புகுத்துவதா?” என்று பதறுவோர் உளர். புகுத்துவது நாமா? குளிர்சாதன அறை ஒருவனுக்கு, கொட்டிய சாம்பல் மற்றொருவனுக்கு எனப் பங்கிட்டவர் எவரோ, அவரன்றோ அரசியலைப் புகுத்தினார்! வேதியியல் மட்டும் கற்பித்தால், சாம்பலில் ஈயம் இருப்பதை மாணவன் அறிவான். அது ஏன் குப்பத்தில் மட்டும் கொட்டிக் கிடக்கிறது என்பதை அறியான்.

இது நம் நாட்டுக் கொடுமை மட்டுமன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்டனில் 2008 டிசம்பரில் சாம்பல் குட்டையின் கரை உடைந்தது. அள்ளிய சாம்பலில் பெரும்பகுதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? செல்வர் வாழும் நகருக்கா? இல்லை, தொடர்வண்டியில் ஏற்றி, அலபாமாவில் கறுப்பின ஏழைகள் மிகுந்து வாழும் யூனியன்டவுன் அருகே கொட்டினார்கள். நிறம் பார்த்துப் போயிற்று சாம்பல்! அவ்வூரார் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி முறையிட்டனர். 2018இல் அம்முறையீடு தள்ளப்பட்டது. வரலாற்றுப் பாடத்தில் இதற்கொரு பக்கம் ஒதுக்கினால் ஏடு கிழிந்தா போகும்?

நாம் கேட்பது பெரிதன்று. சுழலியோடு நிற்கும் பாடம் சாம்பல் குட்டை வரை நடக்கட்டும். ஆற்று நீரைக் குப்பியில் எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கட்டும் மாணவர். சுற்றுலாவென்று வண்டலூருக்கு வண்டி பிடிக்கும் சென்னைப் பள்ளிகளுக்கு எண்ணூர் அப்படியொன்றும் தொலைவன்று. குழாய் எங்கெங்கே ஒழுகியது என்று காட்ட, அங்குள்ள மீனவரே ஆசிரியராக முன் நடப்பார்.