முப்பத்தைந்து வயது மாணவர்

நம்முடைய வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. படிப்பு என்பதை இருபத்திரண்டு வயதுக்குள் முடித்துவிட வேண்டும்; பிறகு உத்தியோகம், கல்யாணம், குழந்தைகள், கடன், பென்ஷன் என்று வரிசையாக வர வேண்டும். இந்த வரிசையை யாராவது மாற்றப் பார்த்தால் வீட்டில் பெரிய கலகம் மூண்டுவிடும்.

கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற முப்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தர் ஒருவர், இராத்திரி சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, "நான் பல் வைத்தியம் படிக்கலாம் என்று இருக்கிறேன்" என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். தாயார், "ஏண்டா அப்பா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். மைத்துனர், "பேஷ்! நீங்கள் பட்டம் வாங்கி வருவதற்குள் உங்கள் பல்லே ஆட ஆரம்பித்துவிடும்!" என்பார். பெரியப்பா, தாம் அந்தக் காலத்தில் ஆலங்குச்சியால் பல் துலக்கிய மகிமையைச் சொல்லத் தொடங்குவார். மனைவி மட்டும் ஒன்றும் பேச மாட்டாள். அவள் மனத்துக்குள் வீட்டு வாடகையையும், பள்ளிக்கூடச் சம்பளத்தையும், வருஷங்களையும் கூட்டிக் கழித்துக் கொண்டிருப்பாள்.

இவர்கள் எல்லோரிலும் விஷயத்தைச் சரியாகப் புரிந்து கொண்டவள் அந்த வாய் திறவாத மனைவிதான் என்பது நமது அபிப்பிராயம். மற்றவர்கள் வயதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் கணக்கைப் பற்றி யோசிக்கிறாள். இந்த வாரம் நாமும் அந்தக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வயதின் மேல் உள்ள வழக்கைத் தீர்த்துவிடுவோம். பல் வைத்தியம் என்னும் தொழிலில் பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டவர்களே காலம் கடந்து படிக்க வந்தவர்கள்தாம். அமெரிக்காவில் லூஸி ஹாப்ஸ் என்ற மாது சுமார் பத்து வருஷ காலம் பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்தார். 1859-ல் வைத்தியம் படிக்க ஆசைப்பட்டு ஸின்ஸினாட்டி நகரத்துக்குப் போனார். பெண் என்ற காரணத்தால் வைத்தியக் கலாசாலை அவரை ஏற்கவில்லை. பல் வைத்தியமாவது கற்கலாம் என்றால், 1861-ல் ஒஹையோ பல் வைத்தியக் கலாசாலையும் கதவைச் சாத்திவிட்டது. அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. தொழில் தெரிந்த ஒருவரிடம் சிஷ்யையாக இருந்து கற்றுக்கொண்டு, பட்டமில்லாமலே வைத்தியம் செய்தார். அக்காலத்தில் அதற்குத் தடை இருக்கவில்லை. 1865-ல் அயோவா மாகாணத்துப் பல் வைத்தியர் சங்கம் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக் கொண்டது. அதன் பிறகு, முன்னே மறுத்த அதே கலாசாலை அவரை அழைத்துக் கடைசி வகுப்பில் உட்கார வைத்தது. 1866 பிப்ரவரியில், முப்பத்து மூன்று வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில், உலகத்திலேயே பல் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். அடுத்த வருஷம் அவரை மணந்து கொண்டவர் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மனைவியிடமே பல் வைத்தியம் கற்று, அவரும் அதே தொழிலில் இறங்கிவிட்டார். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் பாதி வழியில் பாதை மாறினார்கள். குடும்பம் கவிழ்ந்து போகவில்லை.

ஜெர்மனியிலும் இப்படி ஒருவர் உண்டு. ஹென்ரியட்டே ஹிர்ஷ்ஃபெல்ட் என்பவர் 1834-ல் பிறந்தவர். மணவாழ்வு முறிந்து, கையில் தொழில் ஒன்றும் இல்லாமல் நின்றார். தம் தேசத்தில் பெண்ணுக்கு இடம் இல்லை என்று கண்டு 1867-ல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே, படித்து வந்தால் தொழில் நடத்தலாம் என்ற அநுமதியைப் பிரஷ்ய சர்க்காரிடம் பெற்றுக் கொண்டுதான் ஏறினார். 1869-ல் பிலடெல்பியாவில் தமது முப்பத்தைந்தாவது வயதில் பட்டம் வாங்கி, பெர்லினுக்குத் திரும்பிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் செய்தார். துணிச்சல் ஒரு பங்கு. முன்யோசனை ஒரு பங்கு. இரண்டாவது பங்கை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

நமது தேசத்தின் கதையும் இதற்கு விலக்கல்ல. உலகத்தின் முதல் பல் வைத்தியக் கலாசாலை பால்டிமோர் நகரத்தில் 1840-ல் தோன்றியது. இந்தியாவில் அத்தகைய கலாசாலையை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் நிறுவியது 1920-ல். அந்நிய சர்க்காரின் கையை எதிர்பாராமல், ஐஸ்கிரீமும் ஸோடாவும் விற்கும் கடை ஒன்றை நடத்தி அதன் வருமானத்தைக் கலாசாலைக்குச் செலவிட்டார் அந்தப் பெரியவர். பல்லைக் கெடுக்கும் பண்டத்தை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்த சாமர்த்தியத்தை என்னவென்பது! சுதந்திரம் வந்த பிறகு 1948-ல் பல் வைத்தியர் சட்டம் பிறந்தது. சென்னையில் சர்க்கார் பல் வைத்தியக் கல்வி 1953-ல், மருத்துவக் கல்லூரியின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. ஆக, இந்தக் கல்வியே நம் தேசத்தில் எண்பது வருஷம் தாமதித்துப் பள்ளிக்கூடம் வந்த மாணவன்தான். தாமதித்து வந்தவர்களைப் பார்த்து அது சிரிக்க நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2018-ல் நீட் பரீட்சைக்குப் பொதுப் பிரிவினருக்கு 25 வயது, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 வயது என்று வரம்பு கட்டினார்கள். தில்லி ஹைகோர்ட்டு அதை ஆமோதித்தது. அதே வருஷம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, வரம்பைத் தாண்டியவர்களும் தாற்காலிகமாக எழுதலாம் என்று வழிவிட்டது. 2022-ல் அந்த வரம்பே ஒழிந்தது. 17 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிற்கிறது. மேல் எல்லை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காமல் கணிதமும் கம்ப்யூட்டரும் படித்தவர்கள், பிற்பாடு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் போதும் என்ற சலுகையும் 2023-ல் வந்தது.

ஆகவே வயது தடையல்ல. இனி அந்த மனைவியின் கணக்குக்கு வருவோம். அதில் நான்கு பத்திகள் இருக்கின்றன.

முதற் பத்தி, காலம். நீட் பரீட்சையில் 180 கேள்விகள், 720 மார்க்கு. அதில் பாதி உயிரியல். 20 லட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் எழுதும் பரீட்சை. பதினேழு வருஷத்துக்கு முன் மறந்துபோன பௌதிகச் சூத்திரங்களைத் தூசு தட்டி எடுக்க ஒரு வருஷமாவது வேண்டும். பிறகு படிப்பு நான்கு வருஷம். கட்டாயப் பயிற்சி ஒரு வருஷம். முப்பத்தைந்தில் தொடங்குபவர் முதல் முயற்சியிலேயே இடம் பெற்று, ஒரு பரீட்சையிலும் தவறாமல் இருந்தால் நாற்பத்தொன்றில் வைத்தியராவார். அறுபத்தைந்து வரை உழைத்தால் இருபத்து நான்கு வருஷத் தொழில் கையில் இருக்கிறது. இது அற்பமன்று. நாற்பத்தெட்டில் தொடங்குபவருக்கு இதே கூட்டல் வேறு விடை தரும்.

இரண்டாம் பத்தி, உடம்பு. பல் வைத்தியம் புத்தகத்தால் மட்டும் வருவதன்று. அது கை வேலை. முதல் வருஷத்திலேயே மெழுகுக் கட்டியைச் செதுக்கி ஒவ்வொரு பல்லின் மேடு பள்ளத்தையும் உருவாக்க வேண்டும். மூன்றாம் வருஷத்திலிருந்து நோயாளியின் வாய்க்குள் விரற்கடை இடத்தில் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். கழுத்து வலியும் முதுகு வலியும் இந்தத் தொழிலின் கூடப் பிறந்தவை. நாற்பது வயதைத் தாண்டினால் பலருக்கு அருகில் உள்ள பொருள் மங்கத் தொடங்குவதும் இயற்கை. உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒழுங்காக உட்காரும் பழக்கமும் பெருந்துணை செய்யும். ஆயினும் ஆசைப்படுகிறவர் முதலில் தெரிந்த வைத்தியர் ஒருவரின் அநுமதியோடு ஒரு மாத காலம் அவருடைய அறையில் ஓரமாக நின்று பார்க்கட்டும். இரத்தமும் எச்சிலும் குழந்தைகளின் அலறலும் நிறைந்த அந்த அறையில், மாலையில் "நாளைக்கும் வருகிறேன்" என்று சொல்லத் தோன்றுகிறதா என்பதே முதல் பிரவேசப் பரீட்சை.

மூன்றாம் பத்தி, பணம். சர்க்கார் கல்லூரியில் கிடைத்தால் சம்பளம் குறைவு. தனியார் கல்லூரியில் செலவு பல மடங்கு. இதோடு கணக்கு முடியவில்லை. வேலையை விட்டுவிட்டதால் ஆறு வருஷம் வராமற்போகும் சம்பளத்தையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். நம் தேசத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளிவரும் வைத்தியர்கள் பட்டணங்களில் ஒரே தெருவில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்தவருக்குத் தொடக்கத்தில் சொற்ப ஊதியமே கிடைக்கும். ஆகையால், வீட்டை அடமானம் வைத்து, பெண்ணின் படிப்புக்குச் சேர்த்த பணத்தை எடுத்து, தனியார் கல்லூரியில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுவோம். தகப்பனார் படிக்க மகள் படிப்பை நிறுத்துவது கல்வியல்ல. 1948-ம் வருஷச் சட்டத்திலேயே பல் சுகாதாரப் பணியாளர், செயற்கைப் பல் செய்யும் தொழிலாளர் என்ற இரு பிரிவினருக்கும் இடம் தரப்பட்டது. அந்தப் படிப்புகள் குறுகியவை, கௌரவத்தில் குறைந்தவையல்ல.

நான்காம் பத்திதான் எல்லாவற்றிலும் கடினமானது. அது பிறர் பங்கு. சர்க்கார் கல்லூரியின் ஒவ்வோர் இடமும் பொதுஜனங்களின் பணத்தால் நடப்பது. நாம் ஒன்றில் அமர்ந்தால் இன்னொருவர் நிற்கிறார். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு பதில்கள் கிடைத்திருக்கின்றன. 2022 ஜனவரியில், ஓய்வு பெற்ற அறுபத்தொரு வயது ஆசிரியர் ஒருவர் நீட் பரீட்சையில் தேறி, சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வரைக்கும் வந்தார். அவருடைய மகனே வைத்திய மாணவர். இளைஞர் ஒருவர் நெடுங்காலம் சேவை செய்யக்கூடிய இடம் அது என்று மகன் எடுத்துச் சொல்ல, தந்தை விலகிக் கொண்டார். 2025-ல், நாற்பத்தொன்பது வயதான தாய் ஒருவர் மகளோடு சேர்ந்து படித்து அதே பரீட்சையை எழுதி, சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் பெற்றுச் சேர்ந்தார். ஒருவர் விட்டுக் கொடுத்தார். ஒருவர் எடுத்துக் கொண்டார்.

இருவரில் யார் செய்தது சரி? இருவர் செய்ததும் சரி என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த ஆசிரியர் தாம் கற்க முடியும் என்பதை நிரூபித்துவிட்டு, நாற்காலியை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தார். அந்தத் தாயோ, பல வருஷங்களுக்கு முன் கைநழுவிப் போன வாய்ப்பைத் தம் உழைப்பால் மீட்டுக் கொண்டார். ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்பதும், அதைப் பயன்படுத்துவது தக்கதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு அவரவர் மனச்சாட்சிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரர் தலை குனிய வேண்டியதில்லை. இருபத்து நான்கு வருஷச் சேவையைத் தரக்கூடியவர் யாருடைய பங்கையும் திருடுகிறவரல்லர். திருப்பிக் கொடுக்கிற எண்ணம் மட்டும் இருக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022-ம் வருஷ அறிக்கைப்படி வாய் சம்பந்தமான நோய்கள் உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேரைப் பீடிக்கின்றன. நமது கிராமங்களில் சொத்தைப் பல்லுக்கு இன்றும் கிராம்புத் தைலமே வைத்தியராக இருக்கிறது. பட்டணத்துக் கடைத்தெருவில் பத்தாவது பெயர்ப் பலகை தொங்கவிடுவதற்கு வயது வந்த ஒருவர் ஆறு வருஷம் தவம் செய்ய வேண்டியதில்லை. தாலுகா ஊர் ஒன்றில், வலியோடு வரும் கிழவிக்கு எதிரே பொறுமையாக உட்காருவதற்கு அவரைவிடத் தகுந்தவரும் கிடைக்கமாட்டார். குழந்தைகளை வளர்த்த கை, முதலாளியின் கோபத்தைத் தாங்கிய காது, கடன்காரனுக்குச் சமாதானம் சொன்ன நாக்கு, இவை எந்தக் கல்லூரியிலும் கற்பிக்காத பாடங்கள். பயந்து போய் வாயைத் திறக்க மறுக்கும் நோயாளியின் முன் அவையே முதலில் பயன்படும்.

எனவே குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஓர் ஆசையை வெளியிட்டால் சிரிக்காதீர்கள். உடனே கை தட்டவும் வேண்டாம். ஒரு காகிதத்தை எடுத்துக் காலம், உடம்பு, பணம், பிறர் பங்கு என்று நான்கு பத்தி போடுங்கள். ஆசைப்பட்டவரும் வாய் திறவாதவரும் ஒன்றாக உட்கார்ந்து நிரப்புங்கள். கணக்கு ஒத்து வரவில்லையானால் மனக்கசப்பின்றி அந்த ஆசையை மடித்து வையுங்கள். ஒத்து வந்ததானால், விடியற்காலையில் அவர் புத்தகத்தோடு உட்காரும்போது, காப்பியை வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்துங்கள்.