தைக்கும் கைக்கு வரையவும் உரிமை உண்டு

கடந்த தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த என் பழைய மாணவி ஒருத்தி, ஒரு மழைக்கோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து லயத்து வாசலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன் பிள்ளை, நல்ல கோட்டை இப்படிப் பண்ணிட்ட?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா கார்மென்ட்ல காலர் மட்டும்தான் டீச்சர் தைக்கிறேன். ஒரு முழு உடுப்பு எப்படி உருவாகுதுன்னு இன்னும் எனக்குத் தெரியாது. அதான் பிரிச்சுப் பார்க்கிறேன்" என்றாள்.

அவளுடைய அம்மாவுக்கோ கோபம். "வேலையை விட்டுட்டு டிசைனர் ஆகப் போறாளாம். அதெல்லாம் கொழும்புல வசதியான வீட்டுப் பிள்ளைக படிக்கிறதுங்க டீச்சர். நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா எமது சங்கத்தின் உறுப்பினர். இருபது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுப்பவர். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் "அது நம்ம பிள்ளைகளுக்கு இல்லை" என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று வாசலில் நின்று அவருக்குச் சொன்னதை இங்கே எல்லாப் பெற்றோருக்கும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எமது பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்போம். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் ஆரம்பமானது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. ஒரு காலத்தில் இந்த நாட்டின் ஏற்றுமதிப் பொருட்களில் வெளிநாட்டுப் பணத்தைத் தேடித் தந்ததில் முதலிடம் தேயிலைக்குத்தான். இன்று அந்த இடம் ஆடைத்தொழிலுக்கு. தாய் ஒரு ஏற்றுமதியைக் கைகளால் பறிக்கிறாள், மகள் இன்னொரு ஏற்றுமதியைக் கைகளால் தைக்கிறாள். இரண்டு இடத்திலும் எமக்குக் கிடைத்திருப்பது கை வேலை மட்டும்தான். என்ன செய்வது, எப்படிச் செய்வது, என்ன விலை என்பதையெல்லாம் வேறு எங்கோ வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

கை வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அந்த உழைப்பில் படித்து வந்தவள்தான் நானும். ஆனால் ஜூக்கி மெஷினில் ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை காலர் என்று டார்கெட்டை முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தக் காலரின் வடிவம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி மட்டும் ஏன் அடைக்கப்பட்டிருக்க வேண்டும்?

ஆடை வடிவமைப்பு என்றதும் டிவியில் மெல்லிய பெண்கள் நடந்து வரும் மேடைதான் எமக்கு ஞாபகம் வருகிறது. அது அந்தத் தொழிலின் ஒரு ஓரம் மட்டுமே. வடிவமைப்பாளருடைய அன்றாட வேலை வேறு. யார் உடுத்தப்போகிறார்கள், என்ன வேலை செய்துகொண்டு உடுத்தப்போகிறார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். அதைத் தாளில் வரைய வேண்டும். உடம்பு அளவு எடுத்து, கடதாசியில் பட்டர்ன் வெட்ட வேண்டும். விலை குறைந்த துணியில் ஒரு மாதிரி தைத்து, ஆளுக்குப் போட்டுப் பார்த்து, பிழை திருத்த வேண்டும். அதே பட்டர்னைச் சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் மாற்ற வேண்டும். துணி எத்தனை மீற்றர், நூல், பொத்தான், சிப், தைக்கும் நேரம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இதில் கணிதம் இருக்கிறது, சித்திரம் இருக்கிறது, மனிதர்களைக் கவனிக்கும் குணமும் வேண்டும். இவை மூன்றும் எமது வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளிடம் உண்டு.

ஏழை வீட்டில் பிறந்து, தையல் வேலையிலிருந்து இந்தத் தொழிலின் உச்சிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 1876இல் பிரான்சில் பிறந்த மதலென் வியோன்னே அப்படிப்பட்டவர். பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டுவிட்டுத் தையற்காரியிடம் வேலை பழகப் போனார். 1912இல் பாரிஸ் நகரில் சொந்தமாக ஆடை நிறுவனம் தொடங்கினார். துணியைக் குறுக்குவாட்டில் வெட்டி, உடம்போடு இசைந்து விழும்படி உடுப்புச் செய்வதில் உலகப் புகழ் பெற்றார். எமது பக்கத்துத் தையற்காரர்கள் ஜாக்கெட்டுக்கு 'கிராஸ் கட்' என்று சொல்கிறார்களே, அதே குறுக்கு வெட்டைத்தான் அவர் முழு உடுப்புக்கும் கொண்டுபோனார். எங்களுக்கு முக்கியமான இன்னொரு விடயமும் உண்டு. தனது நிறுவனத்தில் தைத்த பெண்களுக்குச் சம்பளத்துடன் கூடிய லீவு, வைத்தியர், சாப்பாட்டு மண்டபம், பிள்ளை பராமரிப்பு எல்லாம் அவர் ஏற்படுத்திக் கொடுத்தார். தான் தைத்து வந்த கஷ்டத்தை அவர் மறக்கவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எமது மலையகத்துக்குப் பக்கத்தில் மாத்தளை அளுவிகாரை இருக்கிறது. இலங்கையின் பத்திக் கலைக்குப் புத்துயிர் கொடுத்த ஏனா டி சில்வா, அந்த ஊரில்தான் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் கைத்தையலும் செய்வித்தார். நல்ல வடிவமைப்பு கொழும்பில்தான் பிறக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

சரி, வழி என்ன? பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, தனியாக ஒரு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு பாடநெறி இருப்பதே தெரியாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் அதற்குத் தேவையான தகைமைகள் இருக்கின்றன. உயர்தர வகுப்பு உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் அந்தக் கைநூலை மாணவர்கள் கையில் கொடுத்து வாசிக்க வைக்க வேண்டும். இதைப் பெற்றோரைவிட என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

சாதாரண தரத்தோடு நின்றவர்களுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை இருக்கிறது. அதில் 7 மட்டங்கள் உள்ளன. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். படிப்படியாக ஏறலாம். ஆடைத்தொழிலுக்கென்றே இரத்மலானையில் 'ஸ்லிட்டா' என்ற அரச பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. எல்லோரும் பெயர் பெற்ற வடிவமைப்பாளர் ஆக மாட்டார்கள். அது உண்மை. ஆனால் பட்டர்ன் வெட்டுபவர், மாதிரி தைப்பவர், கணினியில் பட்டர்ன் போடுபவர், விலைக்கணக்குப் பார்ப்பவர் என்று லைனுக்கு வெளியே பல வேலைகள் இருக்கின்றன. அவை எல்லாம் கற்றுக்கொண்டால் கிடைக்கும் வேலைகள்.

கார்மென்டில் வேலை செய்து திரும்பி வந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. முழுப் பாடநெறிக்கும் போகாமலே, வேலை செய்து கற்றுக்கொண்ட திறமையைப் பரிசோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பது அதன் பெயர். அதற்கு வேலை செய்ததற்கான அத்தாட்சி உதவும். ஆகவே தொழிற்சாலையை விட்டு வரும்போது சேவைக் கடிதம் வாங்காமல் வராதீர்கள். ஈ.பி.எஃப். இலக்கத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. என் மாணவி செய்த முதல் காரியம், நகரத்தில் இருந்த ஒரு தனியார் இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்ததுதான். சுவரெல்லாம் அழகான படங்கள். நான்கு மாதம் கழித்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் அரச பயிற்சி நிலையத்தில் காட்டியபோது, அது எந்த மட்டத்துக்கும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு போய்விட்டது. பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த நிறுவனமும் இந்தப் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? பதிவு இலக்கம் என்ன?" பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு அரச நிலையத்துக்குப் போனோம். அங்கே தமிழில் வகுப்பு இல்லை. "சிங்களம் விளங்கினால் சேரலாம்" என்றார்கள். 1987இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. சட்டத்தில் இருக்கிறது, தையல் வகுப்பில் இல்லை. அவள் கார்மென்டில் பழகிய சிங்களத்தை வைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டாள். அது அவளுடைய கெட்டித்தனம். எல்லாப் பிள்ளைகளும் அப்படிச் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் தைக்கிறாள். முதலில் ஒரு சல்வாருக்கு 600 ரூபா வாங்கினாள். எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்று கேட்டேன். வெட்டித் தைத்து முடிக்க 5 மணித்தியாலம் என்றாள். அப்படியென்றால் மணிக்கு 120 ரூபா. நாள் சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் கிடைத்தபோதுகூட, 8 மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 125 ரூபா வந்தது. அதிலும் இவளுடைய 600 ரூபாவில் நூலும் மின்சாரமும் அடங்கும். "நீ உனக்கே தொரையாகி, உன்னையே குறைஞ்ச சம்பளத்துக்கு வச்சிருக்கிற" என்று சொன்னேன். சிரித்தாள். அடுத்த வாரம் கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டாள். சொந்தத் தொழில் என்றாலும் உழைப்புக்குரிய கூலியைக் கேட்கத் தெரிய வேண்டும். அதைத்தானே சங்கம் எமக்குக் கற்றுத் தந்தது?

வகுப்பில் எல்லோரையும் சொந்தமாக ஒரு உடுப்பு வடிவமைக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் கல்யாண உடுப்பும் பார்ட்டி உடுப்பும் வரைந்தார்கள். இவள் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கான மழை உடுப்பு வரைந்தாள்.

யோசித்துப் பாருங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மலைகளில் எமது பெண்கள் மழையில் நின்று கொழுந்து எடுக்கிறார்கள். எமது பாட்டிமார் கம்பளியைத் தலையில் போட்டார்கள். எமது அம்மாமார் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொள்கிறார்கள். உரப்பையை வெட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். அவரவர் கையில் கிடைத்ததை வைத்து அவரவரே செய்துகொண்டதுதான் எல்லாம். இந்த வேலைக்கு ஏற்ற உடுப்பு எது என்று எமது பெண்களைக் கேட்டு வடிவமைத்ததாக எனக்குத் தெரிந்த தோட்டங்களில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

அவள் தைத்த மாதிரியை அம்மா ஒரு வாரம் மலைக்குப் போட்டுப் போனார். திரும்பி வந்து மூன்று குறை சொன்னார். கையை நீட்டிக் கொழுந்து பிடிக்கும்போது கக்கத்தில் இழுக்கிறது. கூடைக் கயிறு படும் இடத்தில் தையல் வந்து உறுத்துகிறது. மழைத் தண்ணீர் வழிந்து நேராக முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. மகள் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டாள். கக்கத்தில் துணி சேர்த்தாள், தோள் தையலைப் பின்னால் தள்ளினாள், கீழ் விளிம்பை மாற்றி வெட்டினாள். இப்போது இரண்டாவது மாதிரி மலையில் இருக்கிறது.

"புத்தி சொல்லுங்க டீச்சர்" என்று கேட்ட அதே அம்மாதான் இன்று அவளுக்குப் பிழை திருத்திக் கொடுக்கும் ஆசிரியை. அந்த மூன்று குறைகளையும் மலையில் நிற்காத எந்த விரிவுரையாளராலும் சொல்லியிருக்க முடியாது. எமது பிள்ளைகளிடம் எதுவும் இல்லை என்று நாமே நினைக்கிறோம். ஆனால் வேலை செய்யும் உடம்புக்கு என்ன வேண்டும் என்ற அறிவு எமது வீடுகளில்தான் இருக்கிறது.

தனி ஒரு பிள்ளையின் கெட்டித்தனத்தோடு இதை விட்டுவிடக் கூடாது. எமது சங்கம் செய்ய வேண்டியவை என்று நான் கருதுவது இவை:

பெருந்தோட்ட மாவட்டங்களில் உள்ள அரச பயிற்சி நிலையங்களில் வடிவமைப்பு, பட்டர்ன் பாடநெறிகளைத் தமிழ்மொழியில் நடத்தும்படி எழுத்தில் கோர வேண்டும். தூர இடங்களில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடத்தையும் அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பாடசாலையை விட்ட பிள்ளைகளினதும், கார்மென்டிலிருந்து திரும்பியவர்களினதும் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அவர்களுக்கு முன்கற்றல் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை நிரப்ப மாதர் அணி உதவ வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களோடு பேசும்போது சம்பளத்தோடு சேர்த்து மழை உடுப்பையும் பேச்சுவார்த்தைக்கு எடுக்க வேண்டும். அந்த உடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று உடுத்தப்போகும் பெண்களிடம் கேட்க வேண்டும். தைக்கும் வேலையை எமது பிள்ளைகளுக்கே கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை கொப்பியின் பின்பக்கத்தில் உடுப்புப் படம் வரைந்தால் அடிக்காதீர்கள். எங்கள் பாடசாலைக்குக் கூட்டி வாருங்கள். கணிதத்தையும் சித்திரத்தையும் விடாமல் படிக்க வைப்போம். வீட்டில் கிழிந்த பழைய சட்டை ஒன்று இருந்தால், அதையும் ஒரு பிளேட்டையும் கொடுத்து, தையலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.