யாரிடமிருந்து மறைக்கிறோம்?

ஏற்காட்டில் சிக்னல் என்றால் டவர். அந்தப் பெயரில் ஒரு செயலி இருக்கிறது, அதில் அனுப்பும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மலைக் கிராமத்தில் சொன்னால், முதலில் வாட்ஸ்அப் ஓடட்டும் பார்க்கலாம் என்று சிரிக்கிறார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாகச் சேர்வராயன் மலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கீழே, சமவெளியில், என்னைவிடப் பத்து வயது இளைய தோழர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. எந்த போன் வாங்கலாம்? விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடலாமா? கூகுள் இல்லாமல் ஆண்ட்ராய்டை ஓட்ட முடியுமா? 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது என் நண்பர்கள் பலர் இரவோடிரவாகச் சிக்னலுக்குக் குடிபெயர்ந்தார்கள். குடும்பக் குழு, கல்லூரிக் குழு எல்லாம் பழைய இடத்திலேயே இருந்ததால் சத்தமில்லாமல் திரும்பியும் வந்தார்கள்.

இந்தப் பேச்சில் இரண்டு கட்சி உண்டு. "என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமே" என்பது ஒன்று. மற்றது, அமெரிக்க வலைத்தளங்களில் படித்ததை அப்படியே இங்கே இறக்கி, கலிபோர்னியாவில் உள்ள நிறுவனம்தான் நம் ஒரே எதிரி என்று நம்புவது. இரண்டு கட்சியும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: யாரிடமிருந்து மறைக்கிறோம்?

ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல், தர்மபுரியிலிருந்து காதலர்கள் வரும் மலை இது. லேடீஸ் சீட்டிலும் ஏரிக்கரையிலும் வார நாட்களில்கூடப் பார்க்கலாம். ஓர் அறை எடுக்க வேண்டும் என்றால் இருவரின் ஆதாரையும் கேட்கிறார்கள். நான் தங்கிய ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்த பையன் நகல் எடுக்கும் இயந்திரம் பழுது என்று சொல்லி, எனக்கு முன்னால் நின்ற இருவரின் அட்டைகளையும் தன் சொந்த போனில் படம் பிடித்தான். அவனிடம் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அந்த ஒரு படத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: இரண்டு பெயர், இரண்டு முகம், இரண்டு முகவரி, தேதி நேரத்தோடு. முகவரியில் தெருவின் பெயர். நம் மாநிலத்தில் தெருவின் பெயர் தெரிந்தால் சாதி தெரிந்த மாதிரிதான். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது சும்மா இல்லை. அந்த ஒரு சொல் அட்டையில் இருப்பதால் வாடகை வீடு கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கத்தை ஒழித்தோம் என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் அது முகவரி வரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

விவரம் தெரிந்த தோழர்கள், 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாமே என்பார்கள். அது மறைப்பது ஆதார் எண்ணின் முதல் 8 இலக்கங்களை மட்டும். முகவரி முழுதாகத் தெரியும். எண்ணைத் திருடிப் பணம் எடுப்பவனை நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். சாதியைப் படிப்பவன் அவர்கள் நினைவில் இல்லை. வாக்காளர் அட்டையின் முன்பக்கத்தில் முகவரி இருக்காது, அதைக் கொடுத்துப் பாருங்கள். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், விடுதிகளும் திரையரங்குகளும் ஆதார் நகலை வாங்கி வைக்க அனுமதி இல்லை என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அது திரும்பப் பெறப்பட்டது. தவறாகப் புரிந்துகொள்ள அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஓமலூர். கோகுல்ராஜின் ஊர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதிப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த தலித் பொறியியல் பட்டதாரி. இருவர் சேர்ந்து நிற்கிறார்கள் என்ற தகவல் போதும், ஓர் உயிர் போக. அந்தத் தகவல் கூகுளிடம் இருந்ததா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டுக்கொண்டிருந்ததையும் மறக்க வேண்டாம். நாம் பயன்படுத்தும் கருவிகள் சாதிச் சங்கங்களின் கையிலும் இருக்கின்றன, பல நேரங்களில் நம்மைவிடத் திறமையாக.

இதே வழக்கில் எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றதற்குக் கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவு பெரிய காரணம். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. ஆகவே கேமரா என்றாலே எதிரி என்று நான் சொல்லமாட்டேன். பதிவு யார் கையில் இருக்கிறது, யார் கேட்டால் கிடைக்கும் என்பதுதான் விஷயம். கோகுல்ராஜின் அம்மா நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. காதலர்களின் ஆதார் படமோ ஒரு போன் அழைப்பில் கைமாறிவிடும்.

நீதிமன்றங்கள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டு வருகின்றன. வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னதை, 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஊரறியச் சொன்னால்தான் திருமணம் என்று கட்டாயப்படுத்துவது, குடும்பத்தின் மிரட்டலுக்கு ஆளானவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத்துக்குள் தனியுரிமையும் இருந்திருக்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புப் பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மறைக்க ஒன்றுமில்லை" என்று சொல்லும் தோழருக்கு நான் அண்ணலின் பரோடா அனுபவத்தைத்தான் சொல்வேன். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் பதிவு செய்து தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றுகிறது. அவர் செய்த குற்றம் என்ன? அவரிடம் மறைக்க வேண்டிய அளவுக்கு இருந்தது பிறப்பு மட்டும்தான். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பதினொரு நாள் ஆனது. இன்று எந்த போன் எண்ணையும் ஒரு பணப் பரிமாற்றச் செயலியில் தட்டினால் வங்கியில் உள்ள பெயர் வந்து நிற்கிறது.

மலைக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அளக்கப்படுவதற்கு எதிரான பழைய முணுமுணுப்பு ஒன்று இங்கே பதிவாகியிருக்கிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் மக்களின் தலை, மூக்கு, உயரத்தை அளந்தவர். காவல்துறையினருக்கும் இந்த அளவைமுறையைக் கற்றுக்கொடுத்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலின் முன்னுரையில், சேர்வராயன் மலையின் மலையாளிகள் தன்னை எப்படிச் சந்தேகித்தார்கள் என்று எழுதுகிறார். (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளில் வாழும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள்.) தங்கள் நிலத்தை அரசுக்கு எடுத்துக்கொண்டு தங்களை அந்தமானுக்கு அனுப்பத்தான் இந்த அளவெடுப்பு என்று அவர்கள் நினைத்தார்களாம். அவர் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1820-களிலிருந்து காப்பித் தோட்டங்கள் மலையேறி வந்ததை நேரில் பார்த்த மக்கள் அவர்கள். வெள்ளைக்காரர் அளவுகோலோடு வந்தால் அடுத்து என்ன போகும் என்று ஊகிக்க அவர்களுக்கு முழு நியாயம் இருந்தது.

அளப்பது நிற்கவில்லை, கருவி மாறியது. காப்பிப் பழம் பறித்து, கவாத்து வெட்டி, மிளகுக் கொடியில் ஏணி போட்டு ஏறிய கையின் ரேகை ரேஷன் கடைக் கருவியில் சட்டென்று பதியாது. மாற்று வழி உண்டு என்கிறது விதி. மூன்று முறை துடைத்துத் துடைத்து விரல் வைக்கும் பாட்டியிடம் அந்த விதியை யாரும் சொல்வதில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல், தினமும் இரண்டு முறை பணியிடத்தில் படம் எடுத்து இருப்பிடத்தோடு செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று ஆக்கினார்கள். டவரே இல்லாத மலையில் அந்தச் செயலி என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் மாநகராட்சிகள் இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரத்தை யார் கையில் கட்டின? ஆணையர் கையில் இல்லை. தூய்மைப் பணியாளர்கள் கையில். இந்தக் கருவிகள் எல்லாம் முதலில் யார் உடலில் சோதித்துப் பார்க்கப்படுகின்றன என்று ஒரு பட்டியல் போட்டால் அது மனுவின் அடுக்கைத் தலைகீழாக வைத்தது போல இருக்கும்.

சரி, எந்த போன், எந்தச் செயலி? என் கருத்தைச் சொல்கிறேன்.

வீட்டில் அண்ணன் புது போன் வாங்கியதும் பழையது தங்கைக்கு வருகிறது. அதில் அண்ணனின் கூகுள் கணக்கு அப்படியே இருந்தால், அந்த போன் எங்கே இருக்கிறது என்று அவர் தன் போனிலிருந்தே பார்க்கலாம்; தங்கை எடுக்கும் படங்கள்கூட அவர் கணக்கில் போய்ச் சேரலாம். எந்த லினக்ஸும் இதைத் தீர்க்காது. முழுதாக அழித்து, சொந்தக் கணக்கில் தொடங்குவதுதான் முதல் வேலை. கைரேகைப் பூட்டைவிட எண் பூட்டு மேல். தூங்குகிறவரின் விரலை எடுத்து வைத்தாலும் போன் திறக்கும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, நமக்குத் தெரியாத கணினி எதுவும் இணைந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வாட்ஸ்அப் செய்தி போகிற வழியில் பூட்டப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கூகுள் டிரைவில் சேரும் நகலுக்கு அந்தப் பூட்டை நாமே தனியாகப் போட வேண்டும், அது தானாக வராது.

டெலிகிராம் பாதுகாப்பானது என்று நம் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதன் சாதாரண உரையாடல்களுக்கு முனையிலிருந்து முனைவரையான குறியாக்கம் கிடையாது, குழுக்களுக்கு அறவே கிடையாது. இயக்கக் குழுக்களுக்கு நான் சிக்னலைப் பரிந்துரைப்பேன். காரணம் மிக எளிது: வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் முன்பின் தெரியாத 500 பேருக்கு உங்கள் எண் தெரியும். சிக்னலில் 2024 முதல் எண்ணை மறைத்துப் பயனர் பெயரோடு இருக்கலாம். கட்டுரை பகிர்ந்த மறுநாள் வசை அழைப்புகள் வாங்கிய எந்தப் பெண் தோழரிடமும் கேளுங்கள், இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்வார்.

ஐபோன் வாங்கச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அவர்கள் பணம். குறைந்த விலை ஆண்ட்ராய்டு வாங்குபவர்கள் கேமராவின் மெகாபிக்சலை விட்டுவிட்டு, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்டு வாங்குங்கள். லினக்ஸைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பில் அதைத் திறந்தவர்கள் குறைவு, எங்களுக்கு அதைக் காட்டித் தந்த ஆசிரியரும் இல்லை. என் ஆய்வேட்டை இப்போது லினக்ஸில்தான் எழுதுகிறேன், திருடிய விண்டோஸைவிட அது நிம்மதி.

சட்டம் காப்பாற்றுமா? 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2019 தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தகவல் என்று வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. நம் சாதியும் நம் செருப்பு அளவும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். இதற்கு நம் பக்கத்திலிருந்து எழுந்த குரல் போதாது. தொழில்நுட்பம் பேசுகிறவர்கள் சாதியை விட்டார்கள், சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் தொழில்நுட்பத்தை விட்டார்கள்.

நம் கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சி முகாம், நிவாரணம், உண்மையறியும் குழு என்று எதற்கெடுத்தாலும் ஒரு கூகுள் படிவம் போடுகிறோம். பெயர், ஊர், தெரு, சாதி, போன் எண், சில படிவங்களில் ஆதார் எண்கூட. மாலை உணவுக்கு ஆள் கணக்கு எடுக்க ஆதார் எதற்கு? சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கான சந்திப்பு ஒன்றின் பதிவுத் தாளை நானே பார்த்திருக்கிறேன், 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் அது மாதக்கணக்கில் இருந்தது. உங்கள் அமைப்பின் பழைய தாள்கள் எந்த அமைப்பில் இருக்கின்றன என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தேவை முடிந்தவற்றை அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்து அழித்துவிடலாம். குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் 30 நாள் அதிலேயே கிடக்கும்.