தொட்டியில் ஊற்றினால் தீர்ந்ததா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

அறிவியலின் அருமை பெருமைகளை எழுதாத ஆண்டு மலர் இல்லை. இக்கட்டுரையோ அறிவியல் மிச்சம் வைத்துவிட்டுப் போகும் நச்சுக் கழிவைப் பற்றியது. அதைத் தேடித் தொழிற்பேட்டைக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் ஆய்வுக்கூடத் தொட்டிவரை சென்றால் போதும்.

செய்முறை வகுப்பில் மோர் உப்புக் கரைசலைப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் தரம் பார்க்கிறோம். (மோர் என்பவர் ஜெர்மானிய வேதியியலார், முதலாண்டில் நான் வேறு மோரை நினைத்திருந்தேன்.) ஊதா நிறம் தோன்றியதும் அளவைக் குறித்துக்கொண்டு, பியூரெட்டில் மீந்த ஆரஞ்சுக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுகிறோம். நானும் ஊற்றியவன்தான்.

ஒருநாள் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். 0.05 நார்மல் கரைசல் 25 மி.லி. மீந்தால், அதில் ஏறத்தாழ 22 மில்லிகிராம் குரோமியம் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாதென்பது இந்தியத் தர நிர்ணயம். ஆக, ஒருவர் ஊற்றுவது நானூறு லிட்டருக்கு மேற்பட்ட நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். வகுப்பில் நாங்கள் 40 பேர்!

குரோமியம் எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரிப் படியேறினான். ஆதலால் ஆலைகளை மூடுங்கள் என்றெழுத எனக்குக் கை வராது. தோலுக்கு இடுவது மூன்று இணைதிறக் குரோமியம். அது அவ்வளவு கொடியதன்று. நம் பியூரெட்டில் இருப்பதோ ஆறு இணைதிறக் குரோமியம். நீரில் எளிதில் கரைவது, புற்றுநோய் விளைவிப்பது.

இராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை, தாதுவை வறுத்துக் குரோமேட்டைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கையை வளாகத்திலேயே குவித்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட சக்கையோ பல்லாண்டுகள் வெட்டவெளியில் கிடந்தது. மழைதோறும் அதில் எஞ்சிய குரோமேட் கரைந்து, மஞ்சள் நீராய் நிலத்தடியில் இறங்கிற்று. ஆலைக்குப் பூட்டுப் போடலாம். ஊற்றுக்கண்ணுக்குப் போட முடியுமா?

சட்டம் இல்லாமலில்லை. போபாலுக்குப்பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-இல் இத்தகைய கழிவுகளுக்கான விதிகளும் வந்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிய தொழிலாளர் 10 பேர் மாண்டனர். மலையாகக் குவிந்தபின் சட்டம் வந்து என்ன செய்யும்? கழிவு பிறக்கும் இடத்திலேயே அதன் நஞ்சை முறிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். “உங்க காலேஜ்ல அந்தத் தண்ணி எங்கப்பா போவுது?” என்று கேட்டார். மறுநாள் தேடிப் பார்த்தேன். தொட்டிக் குழாய் கட்டடத்தின் பின்னே, வேலிக்கருவைப் புதரின் நடுவில் ஒரு திறந்த குழியில் முடிகிறது. விடுதிக் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

“ஆலைக்காரன் டன் கணக்கில் விடுகிறான், நம் நாலு சொட்டா பெரிது?” என்கிறான் நண்பனொருவன். நாளை அந்த ஆலைகளில் கெமிஸ்டாகச் சேரப்போவது யார்? நாம்தானே!

பரிகாரமும் கையருகிலேயே உள்ளது. அமில ஊடகத்தில் மோர் உப்பின் இரும்பு, ஆறு இணைதிறக் குரோமியத்தை மூன்றாக ஒடுக்கிவிடும். நாம் மதிப்பெண் வாங்குவதே அந்த வினைக்குத்தான்! மீந்த டைகுரோமேட்டோடு மீந்த மோர் உப்புக் கரைசலையும் சேர்த்து, ஆரஞ்சு முற்றும் மறைந்தபின் சுண்ணாம்பு இட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும். வடிகட்டினால் ஒரு வகுப்புக்கு ஒரு கைப்பிடிச் சேறுதான். அதை உலர்த்திச் சேர்த்துவைத்து, இத்தகைய கழிவுக்கென்றே கும்மிடிப்பூண்டியில் அமைந்துள்ள இடத்துக்கு ஆண்டுக்கொருமுறை அனுப்பலாம்.

துறைத்தலைவர் அவர்களிடம் நான் வேண்டுவது, ‘குரோமியக் கழிவு’ என்று எழுதி ஒட்டிய, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் ஜாடி. மூன்றாவது மேசையருகே அதற்கு இடமிருக்கிறது. சுண்ணாம்பு வாங்கிவரும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்கும்.